மேற்படி

மேல் வரி கன்று.
கீழ் வரி மனுஷி.
எழுத்து ஒத்துப்போகும் இடமெல்லாம் நிரல் ஒரு புள்ளி வைத்துவிடும்,
மாறினால் மட்டும் எழுத்தைக் காட்டும்.
இரவு ஒன்றே முக்கால். கோரிமேட்டில் மழை.
திரை முழுக்கப் புள்ளி.

எங்கள் பாகூர்ப் பத்திரத்தில் இதற்கு ஒரு குறி உண்டு,
௸ என்று சுழித்துப் போட்டிருப்பார் எழுத்தர்.
மேற்படி ஊர், மேற்படி கிணறு,
மேற்படி கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்.

கன்று அழகியநத்தத்தில்
கழிந்து கழிந்து செத்தது, பிறந்த ஒன்பதாம் நாள்.
பனிப்பெட்டியோடு நான் போனபோது
முள்ளோடையில் நிறுத்தித் திறக்கச் சொன்னார் போலீஸ்.
பாட்டில் தேடிப் பழகிய கை.
உள்ளே ஐஸ், சுண்டுவிரல் அளவில் வெறும் குப்பிகள்.
"இதுக்கா இவ்ளோ பெரிய பெட்டி?"

கீழ் வரி அஞ்சலாட்சியின் மூக்கிலிருந்து.
சும்மா சளிதான், மூன்று நாளாக.
குச்சியை விட்டதும் தும்மினாள்,
தறியில் நின்ற தாய்ப்பசு காதைத் திருப்பியது.
"கன்னுகிட்டேருந்து எனக்கு வந்துச்சா,
எங்கிட்டேருந்து கன்னுக்குப் போச்சா?
அத மட்டும் சொல்லு தம்பி.
சொசைட்டில பால எடுக்க மாட்டேங்குறான்."

முப்பதாயிரத்துச் சொச்சம் எழுத்து.
உயிர் என்று சொல்ல வாய் வரவில்லை, மெய் என்றும்.
ஆய்தம் மாதிரி,
முன்னும் பின்னும் யாராவது இருந்தால்தான் ஒலிக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மேற்படி.
அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்பதைக்
கோர்ட்டில்தான் கற்றேன்.
நாற்பத்தேழாம் சர்வே எண்ணை
யாரோ ஓர் எழுத்தர், தூக்கமோ கள்ளோ,
நாற்பத்தொன்று என்று நகலெடுத்துவிட்டார்.
அதற்குப் பிறகு எழுதிய அத்தனையிலும் நாற்பத்தொன்று.
எங்கள் வீட்டுப் பத்திரத்தில் அந்தப் பிழை,
ஆறு வருஷமாய் வழக்காடும்
பெரியப்பா மகன் கலியவரதனுடையதிலும் அதே பிழை.
வக்கீல் சிரித்தார்:
சரியா எழுதினத எவன் வேணா எழுதியிருக்கலாம்,
தப்பு ஒண்ணா இருந்தா தாய்ப்பத்திரம் ஒண்ணு.

ஆகவே தப்பைத் தேடுகிறேன்.
சாட்சிக்கு மூன்றாவது வரியாகப் பன்றியினுடையதை ஏற்றினேன்.
பன்றி ஓரிடத்தில் ஒன்று சொல்கிறது,
கன்றும் அஞ்சலாட்சியும் சேர்ந்துகொண்டு வேறொன்று.
பிறகு ஓரிடத்தில்
எழுத்துமில்லை புள்ளியுமில்லை, கோடு கோடாய் வெற்றிடம்.
இருநூற்றுத் தொண்ணூறு எழுத்து
கன்றிடம் இருக்கிறது, இவளிடம் இல்லை.
மனுஷத் தொண்டைக்கு வந்த வழியில்
எங்கோ உதிர்ந்திருக்கிறது.
கணக்குப் போட்டவர்கள் நூற்று முப்பது வருஷம் என்கிறார்கள்,
அதுவும் உத்தேசம்தான்.
எந்தத் தொழுவம், யார் கறந்தது,
எழுதிவைக்க அன்றைக்கு எவருக்கும் தோன்றவில்லை,
வெறும் சளிதானே.

விடிந்ததும் போன் செய்தேன்.
கன்றும் கொடுக்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை.
இரண்டும் வேறு வேறு. முன்னொரு காலத்தில் ஒன்று.
கொஞ்ச நேரம் பேச்சில்லை,
பாத்திரத்தில் பால் விழும் சத்தம் மட்டும்.
"அப்ப பங்காளின்னு சொல்லு."
ஆமாம் என்றேன்.
"பங்காளின்னா சொசைட்டிக்காரன் கேப்பானா?
ஒரு பேப்பர்ல எழுதி சீல் வச்சுக் குடு."

எழுதினேன். பெயர், மாட்டின் காதில் தைத்த எண்.
ஊர் என்ற இடத்தில் கை தானாக ௸ போட்டுவிட்டது,
மேலே ஓர் ஊரும் எழுதியிருக்கவில்லை.
அடித்துவிட்டு அழகியநத்தம் என்று முழுதாய் எழுதினேன்.

மத்தியானம் கலியவரதன் கூப்பிட்டான்,
வாய்தா பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போனதைச் சொல்ல.
மூக்கடைத்த குரல்.
மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வந்தேன்,
அதற்குள் எனக்குத் தும்மல்.