பூக்கட்டும், அப்புறம் பேசு

வெளியே மைனஸ் பதினொன்று.
ஒலொமோட்ஸ் நகரத்து டிராம் கம்பிகளில் பனி.
என் நிலவறையில் இருபத்தெட்டு டிகிரி,
செத்த எலியின் வாடை.

மேல்வீட்டு ஹவெல்காக்களுக்கு
நேற்றே ஒரு பிளம் சாராயம் கொடுத்து வைத்தேன்:
இரண்டு இரவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேனைக்கிழங்குக்கு ஏதோ ஒன்றுவிட்ட உறவு இது.
யாரும் குழம்பு வைப்பதில்லை.
ஒசாகாவில் ஒருவர் இதன் குட்டிக்கிழங்கு ஒன்றுக்கு
என் இரண்டு மாதச் சம்பளம் தருவதாக எழுதினார்.
என்ன பெயர் போட்டு அனுப்ப என்று தெரியாமல்
பதில் எழுதவில்லை.

எட்டு வருடம் முன்
ஒஸ்ட்ராவாவிலிருந்து ஓல்ட்ரிஹ் அனுப்பியபோது
நெல்லிக்காய் அளவு, செய்தித்தாளில் சுற்றி.
வருடத்துக்கு ஓர் இலை.
அந்த ஒற்றை இலையின் தண்டைப் பார்த்துவிட்டு
புள்ளிகள் தப்பு, பெயர் தப்பு,
நீ ஏமாற்றுக்காரன் என்று எழுதினேன்.
கொஞ்சம் நீளமாகவே எழுதினேன்.
பதிலுக்கு ஓர் அஞ்சலட்டை:
"உள்ளே, அடியில், மரு இருக்கும்.
பூக்கட்டும், அப்புறம் பேசு."

பேசவில்லை.
இலை விழும், கிழங்கு தூங்கும்,
நடுக்குளிரில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன்.
கல்லாயிருந்தால் உயிர்,
பஞ்சாயிருந்தால் பிணம்.
ஒவ்வொரு வருடமும் கல்.

இன்று பூ.
பல் மருத்துவமனையில் முப்பது வருடம் கைபழகிய
சின்ன வட்டக் கண்ணாடியை
மடலுக்குள் இறக்கி டார்ச் அடிக்கிறேன்.
கத்தரிக்காய் நிறம்.
இன்னும் கீழே.
மரு.
மருமேல் மரு, நாக்கின் அடிவேர் போல.

யாரிடம் போய்ப் பேச?
ஓல்ட்ரிஹ் போய் இரண்டு குளிர்காலம்.
அதற்கப்புறம் அவர் மகள் அனுப்பிய பிலிம் டப்பா
ஃப்ரீசரில், பட்டாணிப் பைக்குப் பின்னால்.
மகரந்தம். தேதி. அவர் கையெழுத்தில் அதே பெயர்,
பேனா கிழிக்கிற அளவுக்கு அடிக்கோடிட்டு.

முதல் இரவு இதன் பெண்பூக்கள் விழிக்கும்,
மறு இரவுதான் ஆண்பூக்கள் தூள் உதிர்க்கும்.
தனக்குத் தானே உதவாத பிறவி.
வேறொன்று வேண்டும்,
அதுவும் விடிவதற்குள்.

டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக் குளிர் போக்குகிறேன்.
மடலில் கத்தியால் ஒரு ஜன்னல்.
தூரிகை நுனியில் மஞ்சள்.
வாயைப் பெரிதாகத் திறங்கள், வலிக்காது
என்று பழக்கதோஷத்தில் சொல்லியும் விடுகிறேன்.

நாளை இரவு இதன் தூளை
அதே டப்பாவில் சேர்க்க வேண்டும்.
தேதியை மட்டும் அடித்து எழுதினால் போதும்.