கள்ளிக்கு வேலி

பங்குனிக் கடைசி. மேச்சேரிக்கு மேற்கே
புல எண் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு மூன்று.
அடங்கல் நோட்டை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு
பயிராய்வுக்குப் போனேன்.
எனக்கு மன்னார்குடிப் பக்கம்.
பயிர் என்றால்
கணுக்கால் நீரில் நின்று தலையாட்டுவது.

இங்கே நின்றது சப்பாத்திக்கள்ளி.
யாரோ கைப்பிடி வரை மண்ணில் புதைத்த
தோசைத்திருப்பிகள் போல
வரிசை வரிசையாக, ஒன்றரை ஏக்கர்.
சுற்றிலும் ஆனைக்கத்தாழை,
மடலுக்கு ஒரு கறுப்பு ஊசி.

சிரித்துவிட்டேன்.
"கள்ளிக்கு ஏன் வேலி, கழுதைக்கு ஏன் கடிவாளம்னு
சொல்வாங்களே, மாதம்மா?"

அவள் சிரிக்கவில்லை.
ஒரு மடலை அறுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.
முள் இல்லை.
மத்தியானம் ஒன்றரை மணிக்கு
அது குளிர்ந்திருந்தது.
"முள்ளு இருந்தா அதுவே அதைப் பாத்துக்கும் சார்.
இதை விட்டு வச்சா
ஊரு ஆடு பூராவும் ஒரே ராத்திரியில முடிச்சிரும்."

கள்ளி என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில்
ஒரு பழைய பால்வாடை உண்டு.
நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்:
"அது வேற கள்ளி."
அதற்கு மேல் அந்தப் பேச்சு இல்லை.

எண்ணூறு அடியில் புகை வந்த வருஷம்
இருபத்தாறு ஆட்டைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு
மிச்சம் ஒன்பதோடு நின்றாளாம்.
ஒரு சாக்கு மடல் யாரோ கொடுத்தார்கள்.
அறுத்த கையோடு நட்டாள்,
பாவமாக இருக்கிறதென்று குடம் குடமாக ஊற்றினாள்.
மொத்தமும் அழுகிப்போனது.
அடுத்த முறை
வெட்டுவாய் காயும்வரை எட்டு நாள் நிழலில் போட்டு,
நட்டு,
இரக்கப்படாமல் இருந்தாள்.
அதுதான் கஷ்டம் என்றாள்.

கள்ளியை மட்டும் போட்டால் ஆட்டுக்குக் கழியும்.
சோளத்தட்டு நறுக்கிக் கலக்க வேண்டும்.
கத்தாழைச் சாறு பட்டால் முழங்கை வரை தடிக்கும்.
நார் எடுக்க வருகிறேன் என்ற மேட்டூர்க்காரர்
இரண்டு தையாக வரவில்லை.
எதையும் மறைக்காமல் சொன்னாள்,
கடன் கேட்பவள் பேசும் பேச்சு இல்லை அது.

வடமேற்கு மூலையில் ஒரு கத்தாழை
மின்கம்பத்துக்குப் போட்டியாகத் தண்டு விட்டிருந்தது.
உச்சியில் பூ, கீழே மடலெல்லாம் சுருங்கி மஞ்சள்.
"பூத்தா செத்துரும்," என்றாள்,
சந்தை நாளைச் சொல்வது போல.
தண்டை ஆட்டினாள்.
பூ உதிர்ந்த காம்புகளில் முளைத்த குட்டிகள்
பொலபொலவென்று விழுந்தன, வேரோடு.
சேலைத் தலைப்பில் பொறுக்கினாள்.
கீழ்ப்புறம் இன்னும் வேலி பாக்கி.

கைபேசியைத் திறந்தேன்.
நெல், சோளம், மரவள்ளி, நிலக்கடலை, எள்.
கள்ளி இல்லை.
தரிசு இருந்தது.
தரிசு என்று அமுக்கினால்
அவளுக்குக் கடனும் இல்லை, நிவாரணமும் இல்லை.
வறட்சியில் காய்ந்தால்தானே நிவாரணம்,
இது காயவும் இல்லை.

'இதரத் தீவனம்' என்று போட்டேன்.
நீர் ஆதாரம் கேட்டது:
கிணறு, ஏரி, வாய்க்கால், மானாவாரி.
பயிற்சி வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது.
பகலெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு,
இருட்டிய பிறகுதான் இவை மூச்சுக்குத் திறக்குமாம்,
உள்ளிருக்கும் ஈரம் வீணாகாமல்.
ராத்திரி என்று ஒரு கட்டம் இல்லை.
மானாவாரி.
தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்புவார்கள்,
தெரியும்.
மறுபடி போட வேண்டும்.

அன்று இரவு இரண்டு மணி.
உள்ளங்கையில் சுருக்கென்றது.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
முள்ளில்லை என்றேனே,
மயிரிழை போல நாலைந்து சுணை.
ஊசியால் கிளறினேன், வரவில்லை.
சுணை கெட்டதென்று நினைத்தேனா அந்தக் காட்டை?

மேச்சேரிக்கு மேற்கே
இந்நேரம் அவை வாய் திறந்திருக்கும்.
ஊசியை வைத்துவிட்டு,
மனைவி எழுந்து "என்ன?" என்று கேட்கும்வரை
கையை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.