வெறுங்கம்பி

மூன்று பின்னேரம்
ஓர்ஸ் ஹில் ஜிம் வாசல்வரை போய்
செருப்பு வாரைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன்.
நாலாம் நாள் படியில் ஒரு மான்,
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு.
அதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

உள்ளே கண்ணாடி முழுக்கத் தோள்கள்.
எனக்கு வெறுங்கம்பி, இருபது கிலோ.
கூட்டுறவுக் கடையில்
இருபத்தைந்து கிலோ மூட்டையை
நாளுக்குப் பத்துத்தரம் இழுப்பவள்தான்.
இங்கே ஏன் கை நடுங்குது?

பனியன் முதுகில் ‘கோகுலராஜ்’ என்று எழுதிய மலை
பாரத்தைப் பாதியில் போட்டது. டமார்.
“சனியன்!”
திட்டு எனக்கில்லை, இரும்புக்கு.
ஒருத்தரும் திரும்பேல்லை.

அப்ப, என்னையும்
ஒருத்தரும் பார்க்கேல்லை.
சிரிப்பு வந்தது. சிரித்தபடியே தூக்கினேன்,
முழங்கால் தாண்டி, இடுப்புவரை.

வெளியே வந்தால் மான் இல்லை.
தோலையும் மிச்சம் வைக்கவில்லை.