பின்னதிர்வு

ஏழுக்குக் கீழே என்றால்
வல்பரைசோவில் யாரும் அதை நிலநடுக்கம் என்று சொல்வதில்லை.
"அசைந்தது" என்பார்கள்,
ஆறுவதற்குள் தேநீரைக் குடித்து முடிப்பார்கள்.

வியாழன் விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
அசைந்தது.

எடெல்மிராவின் கடை மலைச்சரிவில் இருக்கிறது.
தரையே ஒரு பக்கம் சாய்ந்த கடை.
தத்துவ அலமாரியில் அவள் வைத்ததே சட்டம்:
மேல்தட்டில் தாடி வைத்தவர்கள்,
நடுவில் சவரம் செய்துகொண்டவர்கள்,
கீழே, துடைப்ப வாளியின் ஈரம் படும் இடத்தில்,
விண்கலத் தலைவனின் அறம்,
கோல்கீப்பரின் தனிமை,
தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் தோற்றவர்
ஏன் அழக்கூடாது என்று
சீரியசாகவே எழுதப்பட்ட முந்நூறு பக்கம்.
ஒன்பது வருஷமாக இங்கே தூசி தட்டுகிறேன்.
தாடிகளில்தான் தூசி அதிகம்.

கதவைத் திறந்தால்,
எதுவும் நகர முடியாது என்று நிறுவியவர்
எல்லோரையும் விடத் தூரம் போய்
வாசலில் குப்புறக் கிடந்தார்.
வலி என்பது வெறும் அபிப்பிராயம் என்றவர்
காத்திருந்து, நான் குனியும் நேரம் பார்த்துப்
பிடரியில் விழுந்தார்.
அபிப்பிராயம் இன்னும் வீங்கியிருக்கிறது.
உலகம் முழுவதையும் ஒரே ஒழுங்கில் அடுக்கியவரின்
நான்கு தொகுதிகளில் மூன்றுதான் கிடைத்தன.
கீழ்த்தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
விழுவதற்கு அதற்கு இடமே இல்லை.

பத்து மணிக்கு ஒசியெல் வந்தான்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன்,
இரவு ஷிஃப்ட் முடிந்து தலைக்கவசத்தோடு.
ஒரு மாதமாக அவன் கேட்பது ஒரே புத்தகம்.
நடைபிணங்களைப் பற்றியது.
சினிமாவில் கடிக்க வருபவை அல்ல,
அவற்றைவிடச் சாதுவானவை.
"அப்படி ஒன்றும் கிடையாது" என்பாள் எடெல்மிரா,
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல்.

இருந்தது.
அலமாரியின் முன்னங்கால் ஒரு சாண் நகர்ந்திருந்தது.
அது நின்ற இடத்தில்,
தரையின் சாய்வுக்கு நான்தான் என்றோ முட்டுக் கொடுத்து
மறந்துபோன பச்சை அட்டை.
முதல் நாற்பது பக்கங்களில்
காலின் சதுரம் பள்ளமாய்ப் பதிந்திருந்தது.

நின்றபடியே படித்தான்.
நம்மைப் போலவே நடக்கும், சிரிக்கும்,
சுட்டால் கையை இழுத்துக்கொள்ளும்,
உள்ளே மட்டும் யாரும் இல்லாத ஒன்று.
அதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?
பள்ளத்தில் நொறுங்கிய எழுத்துகளை
விரலால் தடவித் தடவிப் போனான்.

"மேலே கூண்டில் பன்னிரண்டு மணி நேரம்.
பெட்டியை எடு, பெட்டியை வை.
விடியும்போது இருநூறு நகர்ந்திருக்கும்.
ஒன்றைக்கூட நான் எடுத்த ஞாபகம் இருக்காது.
அதனால்தான் கேட்டேன்."

எடெல்மிரா கண்ணாடியைக் கழற்றினாள்,
துடைத்தாள், மாட்டினாள்,
மறுபடி கழற்றினாள்.
தெருவில் ஒரு நாய்
எதற்கோ முன்கூட்டியே குரைத்தது.

பள்ளம் விழுந்திருக்கிறதே, விலை குறையுமா என்றான்.
"இத்தனை பேரையும் தாங்கியிருக்கிறது.
ஐந்நூறு பேசோ கூட."
கொடுத்தான்.
பிறகு தன் கையுறை ஒன்றைக் கழற்றி
இரண்டாய் மடித்து
அலமாரிக் காலடியில் சொருகினான்.
நாங்கள் கேட்கவில்லை.

பின்னதிர்வுகள் ஓயட்டும் என்று
இன்னும் அடுக்காமல் விட்டிருக்கிறோம்.
வருகிறவர்கள் தாண்டித் தாண்டி நடக்கிறார்கள்,
தடுக்கியவர்கள் குனிகிறார்கள்,
குனிந்தவர்கள் வெறுங்கையோடு நிமிர்வதில்லை.
தாடிகளில் இரண்டு விற்றன.
விண்கலத் தலைவனை ஒரு கன்னியாஸ்திரி
பேரம் பேசாமல் வாங்கிப் போனார்.
நான்காம் தொகுதி கிடைத்தபாடில்லை.

இன்று இரவு பூட்டிவிட்டுக் கீழே பார்த்தேன்.
மூன்றாவது பாரந்தூக்கியில்
சிவப்புப் பெட்டி ஒன்று
கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கியது.
ஒரு நிமிஷம். இரண்டு.
கூண்டில் மஞ்சள் விளக்கு.
துறைமுகத்தில் அந்த நேரம்
எதுவும் நகரவில்லை.