ஐந்தாவது வரி

முதலாம் ஆண்டு மல்லிகை வகுப்பில் கூட்டம்.
ஏழு வயதுக்கு அளந்து செய்த நாற்காலியில்
துறைமுகத்து லாரிக்காரர் ஏகாம்பரம்
முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தலைவராக அமர்ந்திருக்கிறார்.

நான் செயலாளர்.
மூத்தவள் நான்காம் ஆண்டு படிக்கிறாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
சிவந்த கண்ணோடு எழுதுகிறேன்:
வந்தவர், வராதவர்,
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர்.

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை: பேசியாயிற்று.
சிற்றுண்டிச்சாலை மைலோவில் தண்ணீர் அதிகம்: பேசியாயிற்று.
அப்புறம் கல்வி இலாகாவின் கடிதம்.
தலைமையாசிரியர் அதை மலாயில் வாசித்து
தமிழில் பெருமூச்சு விட்டார்.

சிறப்புக் கல்வி வகுப்பு
ஐந்து பேர் இருந்தால் அடுத்த ஆண்டும் உண்டு.
இருப்பது நால்வர்.

மரியசூசை எழுந்தார்.
இடுப்பில் சிக்கி நாற்காலியும் கூடவே எழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
"என் மகள் போன வாரம் தன் பெயரைத் தானே எழுதினாள்.
சுவரில்தான்.
தீபாவளிக்கு எல்லாச் சுவருக்கும் சாயம் அடித்தேன்,
அதை மட்டும் விட்டுவிட்டேன்."
'உறுப்பினர் ஒருவர் கருத்துரைத்தார்'
என்று குறிப்பில் எழுதினேன்.

மூன்று முறை இலாகாவுக்குப் போனோம்.
முதல் முறை அதிகாரி வெளியே போயிருந்தார்.
இரண்டாம் முறை அவருக்கே மாற்றல் வந்திருந்தது.
மூன்றாம் முறை பார்த்த புவான் ரொஹானி
நல்லவர். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.
எங்கள் கோப்பை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.
"விதியை நான் எழுதவில்லை.
ஐந்தாவது பிள்ளையைக் கொண்டு வாருங்கள்,
மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தேடினோம்.
ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால்,
அடுக்குமாடியில் மாடி மாடியாக,
சனிக்கிழமைதோறும் கதவு தட்டினோம்.
"அப்படி யாரும் இங்கே இல்லை" என்ற வீட்டுக்குள்
யாரோ கரண்டியால்
தட்டைத் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது.
திலகவதி வாதாட வாயெடுத்தார்.
நான்தான் அவர் கையைப் பிடித்து
மின்தூக்கிக்கு இழுத்து வந்தேன்.
"நீயே விட்டுக்கொடுத்தால் எப்படி?" என்றார்.
பதினான்கு மாடி இறங்கும்வரை
எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கைப்பையில்
பெரியாஸ்பத்திரி முத்திரையிட்ட ஒரு தாள்
பதினோரு மாதமாக நாலாக மடிந்து கிடக்கிறது.
யுவனேஷ். வயது ஆறு.
காற்றாடி சுற்றுவதைப் பார்ப்பான்,
நின்றால் அழுவான்.
'ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்'
என்று மாமியாரிடம் சொன்னேன்.
அவர் நம்பினார்.
சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது.

எத்தனை கடிதம் எழுதினேன்!
'இப்பிள்ளைகளின் உரிமை' என்று
தடித்த எழுத்தில் அடித்துக் கோடும் போட்டேன்.
இப்பிள்ளைகள்.
'எங்கள்' என்று அடிக்க
ஒருமுறைகூட விரல் வரவில்லை.

இன்று ஏகாம்பரம் பாரத்தை மேசையில் வைத்தார்.
நாலு வரி நிரம்பியிருந்தது.
"கடைசி நாள் திங்கள். யாருக்காவது யாரையாவது தெரியுமா?"
வெளியே மழை தூறியது.
மரியசூசை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனா என்னிடம்தான் இருந்தது,
செயலாளர் என்பதால்.

பெயரை எழுதினேன்.
பிறப்புப் பத்திர எண்ணைப் பார்க்காமலே எழுதினேன்.
பெற்றோர் என்ற இடத்தில்
என் பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்தது.
ஏகாம்பரம் படித்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி படித்தார்.
திலகவதி ஏதோ சொல்ல வந்து
நெகிழிப் புட்டி மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

தீர்மானம்: வகுப்பு தொடர விண்ணப்பிப்பது.
முன்மொழிந்தவர்: செயலாளர்.
வழிமொழிந்தவர்: மரியசூசை.
ஏனையவை: கழிப்பறைத் தாழ்ப்பாள்.

போன கூட்டத்திலும் இதே வரிதான்.
இந்த முறை பக்கத்தில்
'அவசரம்' என்று எழுதினேன்.