வலக் கன்னம்

ஒரு பக்கம் மட்டும் போடுங்கோ என்றாள் தவமலர்.
பாதிக் காசுதானே வரும்?

பெண்டில் ஹில், மளிகைக் கடைக்கு மேல்மாடி.
கீழே மிளகாய்த்தூள் மூட்டை பிரிக்கும் நாளில்
எங்கள் கிளினிக்கில் எல்லோரும் தும்முவோம்.
கையில் ஊசி இருந்தால்
நான் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

நாற்காலியைச் சாய்த்து விளக்கை இறக்கினேன்.
இடப்பக்கத்துக்கு நாற்பது வயது.
வலப்பக்கம் அறுபதை எட்டிப் பார்த்தது.
பதினாறு வருடமாய்ப் பேருந்து ஓட்டுகிறாள்.
பக்கக் கண்ணாடி வழியே வந்த சிட்னி வெயில்
காலைக்கு ஒரு கரண்டியாய்
தோண்டிக்கொண்டு போயிருக்கிறது.

மருத்துவர் திரையில் வந்து
நாலு கேள்வி கேட்டு, சம்மதம் தந்து, மறைந்தார்.

ஒண்டு காணாதோ என்றாள்
தட்டில் இரண்டு ஊசிக்குழல்களைக் கண்டு.
காணாது அக்கா.
கெட்டிக் களி எலும்பின்மேல் உட்காரும், கன்னத்தைத் தாங்கும்.
அதையே கண்ணுக்குக் கீழே வைத்தால்
கட்டி தட்டும், நீலம் பாரிக்கும்.
அங்கே தோல் வெங்காயச் சருகு.
இளகிய களிதான் சொன்னபடி கேட்கும்.
முதலில் ஆழம், அப்புறம் மேல்.
ஆழம் சரியாய் அமைந்தால்
மேலே பாதி வேலை மிச்சம்.

ஓம், புட்டு மாவிலை தோசை சுடேலாதுதானே
என்றாள் கண்ணை மூடியபடி.
நான் சிரிக்கவில்லை. ஊசி உள்ளே இருந்தது.
பின்னிழுத்துப் பார்த்தேன், இரத்தம் இல்லை.
எறும்பு ஊரும் வேகத்தில் அழுத்தினேன்.
கரைக்கிற மருந்து இழுப்பறையில் காத்திருந்தது,
கூப்பிடாத விருந்தாளியாய்.

எவ்வளவு நாள் இருக்கும்?
கன்னத்தில் இருப்பது ஒன்றரை வருடம் தாங்கலாம்.
கண்ணடியில் இருப்பதற்கு நான் தேதி சொல்லமாட்டேன்.
ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்,
ஒன்றாய்க் காலி செய்யாது.

அவளுக்கு அது பிடித்திருந்தது போல.
கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
நான் கேட்டேன்,
ஏறுகிற சனம் பார்ப்பது உங்கள் இடப்பக்கத்தைத்தானே,
வலப்பக்கத்தை ஆர் காணப்போகினம்?

ஐஸ் பையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.
எதிர்ப்பக்கம் வாற பஸ், என்றாள்.

அவ்வளவுதான்.
காசு கட்டி, ரசீதை நாலாய் மடித்து,
படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்றாம் வாரம், வியாழன் காலை,
என் கார் பட்டறையில். நிறுத்தத்தில் வந்து நின்றது
அவளுடைய பேருந்தேதான்.
அட்டையைத் தட்டினேன். தலையசைத்தாள்,
அத்தாட்சி கேட்கும் அதிகாரியிடம் அசைப்பது போல.
முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை.
எதிரே ஒரு பேருந்து.
அதன் ஓட்டுநர் வளையத்திலிருந்து
இரண்டு விரலை உயர்த்தியது
ஒரு நொடி தெரிந்தது. முகம் தெரியவில்லை.
இவளும் இரண்டு விரல்.
தலை கொஞ்சம், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாய்,
வலப்பக்கம் திரும்பியது.

என் கைவேலை அங்கேதான் இருந்தது.
நான் உட்கார்ந்த இடத்திலிருந்து
இடக் கன்னம் மட்டும்.