எலுமிச்சம்பழம் வரும் வழி

மூன்றாம் நாள் காலை
மகளுக்குக் கடல் அலுத்துவிட்டது.
"சொன்னதையே சொல்லுது அம்மா" என்று
கசூரினா மணலில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.
அட்டனிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்து
ஐந்து நாளுக்கு அறைக்காசும் கட்டியாகிவிட்டது.
தனராஜோ தோள் இரண்டும் உரிந்து
சட்டை போட முடியாமல்
கற்றாழை பூசிக் கிடந்தார்.

ஆகவே நாங்கள் இருவரும்
கடலுக்கு முதுகைக் காட்டி
பவளகாந்தனின் ஆட்டோவில் ஏறினோம்.
"கடல் பாக்க வந்த சனம்
கிணறு பாக்கப் போகுது" என்று சிரித்தார்.
பொன்னாலைப் பாலம் முடியும்வரை
இரண்டு பக்கமும் கூடவே வந்த தண்ணீர்
பிறகு களைத்து நின்றுவிட்டது.

அப்புறம் செம்மண்.
வெங்காயப் பாத்திகளுக்கு நடுவில்
பம்பு ஒன்று இருமிக்கொண்டிருந்தது.
சுன்னாகம் சந்தையில் மகள்
இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினாள்.
எதற்கென்று பவளகாந்தனுக்குத் தெரியும்;
கதையைச் சொன்னதே அவர்தான்.
நிலாவரையில் போட்ட பழம்
நிலத்துக்குக் கீழால் நடந்து போய்
கீரிமலைக் கேணியில் மிதக்குமாம்.

எங்கள் ஊரில் தண்ணீர் மேலிருந்து விழும்,
சத்தம் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க.
இங்கே அது ஒரு சதுரத்துக்குள்
பச்சையாய், பேசாமல் கிடந்தது.
மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு என்றார்.
கடல் எங்களுக்கு முன்பே
குறுக்கு வழியால் வந்து சேர்ந்திருந்தது.

நீலப் பேனையால் தன் பெயர் எழுதி
யுகிஷா
பழத்தைக் கம்பிக்கு மேலால் போட்டாள்.
அது தாழவில்லை.
"இரவைக்குத்தான் போகும்" என்றார் பவளகாந்தன்,
பஸ் நேரம் சொல்வது போல.

அடுத்த நாள் கீரிமலை.
போகிற வழியில் ஓரிடத்தில்
ஆட்டோ தானாகவே மெதுவானது.
முள்ளுக்கம்பி, அதற்குப் பின்னால்
ஆளுயரப் பற்றை, ஒரு பலகை.
"உதுதான் எங்கட வளவு.
கிணத்துக்கட்டு தெரியுது பாருங்கோ."
எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

"அந்தக் கிணத்துல போட்டா
எங்க வரும், அங்கிள்?"

கியரை மாற்றினார்.
"தெரியேல்லைப் பிள்ளை.
ஒருத்தரும் போட்டுப் பாக்கேல்லை."

கீரிமலையில் ஒரு சிக்கல்.
கேணி இரண்டு: ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.
பழம் எதில் வருமென்று
கதையில் சொல்லப்படவில்லை.
எங்கள் பக்கத்தில் மூன்று பெண்கள்
சவர்க்காரப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
மகள் படியில் குந்தி
தண்ணீரைப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பார்த்தாள்.
சுவருக்கு அந்தப் பக்கம் பொடியன்கள் குதிக்கும் சத்தம்.
அதற்கும் அந்தப் பக்கம் கடல்,
சொன்னதையே சொல்லிக்கொண்டு.

ஒரு மணித்தியாலம்.
பிறகு பவளகாந்தன் வந்தார்,
தலை நனைந்து, சட்டை காய்ந்து.
உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம்.
"எங்கட பக்கம் வந்திட்டுது."

வாங்கிப் பார்த்தாள்.
யுகிசா என்றிருந்தது. சிவப்பு மை.
அவருடைய சட்டைப் பையை
நான் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.
மகள் பழத்தை மோந்தாள்.
"தண்ணியில ஊறி
ஷா, சா ஆயிடுச்சு" என்றாள்.
நீலம் எப்படிச் சிவந்தது என்று
அவளும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

திரும்பும்போது முள்ளுக்கம்பி அருகே
அவளே நிறுத்தச் சொன்னாள்.
இரண்டாவது பழத்தை எடுத்து நீட்டினாள்.
"இதுல உங்க பேர எழுதுங்க அங்கிள்.
உள்ள விட்டாங்கன்னா
போட்டுப் பாருங்க."

அவர் எழுதவில்லை.
கண்ணாடிக்கு முன்னால், பிள்ளையாருக்குப் பக்கத்தில்
வைத்தார்.
ஒவ்வொரு வளைவிலும் அது உருண்டு விழப் பார்க்க
ஒரு கையால் தடுத்துத் தடுத்து
பொன்னாலை வரை ஓட்டினார்.

அங்கே தண்ணீர்
நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றது.